பூனைப் பாஸ்வேர்டும் பத்து மணித் தட்கலும்

முகப்பேரின் வரலாற்றை முறையாக எழுதுகிறவர்கள் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலில் ஆரம்பிப்பார்கள். வீட்டு வசதி வாரியம் மனை பிரித்ததைச் சொல்லி, பக்கத்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. கம்பெனிகள் வந்ததில் முடிப்பார்கள். நல்ல வரலாறுதான். நாம் பார்க்கப்போகிற வரலாறு ஒரு பூனையில் ஆரம்பிக்கிறது.

பூனையின் பெயர் டைகர். அமெரிக்காவில் புரூஸ் ஸ்காட் என்ற புரோகிராமரின் வீட்டில் வளர்ந்தது. ஸ்காட், டேட்டாபேஸ் செய்யும் ஆரக்கிள் கம்பெனியில் ஆரம்ப நாட்களிலேயே சேர்ந்த சிலரில் ஒருவர். டேட்டாபேஸைச் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு தேவைப்பட்டது. யூசர் பெயருக்குத் தன் பெயரை வைத்தார், பாஸ்வேர்டுக்குப் பூனையின் பெயரை வைத்தார், வேலையைப் பார்க்கப் போய்விட்டார். 1990களின் கடைசியில் சென்னையின் சந்துபொந்தெல்லாம் முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்களில், ஜாவாவும் ஆரக்கிளும் படிக்கப் பணம் கட்டிய ஒரு தலைமுறையே தினமும் காலையில் அந்தப் பூனையின் பெயரைத் தட்டிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிக்கும் என்று பூனையும் எதிர்பார்த்திருக்காது, ஸ்காட்டும் எதிர்பார்த்திருக்க மாட்டார். சரஸ்வதி பூஜைக்கு கீபோர்டில் பொட்டு வைத்தோம். நியாயமாக டைகருக்கும் ஒன்று வைத்திருக்க வேண்டும்.

உள்ளே போனால் 'எம்ப்' என்று ஓர் அட்டவணை. பதினான்கு ஊழியர்கள். ஸ்மித், கிளார்க் வேலை, சம்பளம் 800. கிங், தலைவர், சம்பளம் 5000. எல்லாருக்கும் ஒரு மேலதிகாரி எண் உண்டு. கிங்குக்கு மட்டும் அந்தக் கட்டம் காலி. நம் பையன்கள் சொந்தச் சித்தப்பாவின் சம்பளம் தெரியாமல் இருந்தாலும் ஆலன் என்ற விற்பனையாளரின் கமிஷன் 300 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இன்னோர் அட்டவணையில் நான்கு துறைகள். அதில் பாஸ்டன் நகரத்துத் துறையில் ஆளே கிடையாது. ஆள் இல்லாத துறையையும் சேர்த்துக் காட்டும் 'அவுட்டர் ஜாயின்' பாடத்துக்கு அந்தக் காலியிடம் வசதியாக இருந்தது. அமெரிக்க விசா கனவில் இருந்தவர்கள் அதை வேக்கன்ஸி என்று எடுத்துக்கொண்டார்கள். பலபேர் போயும் சேர்ந்தார்கள்.

இந்த ஆரக்கிளின் பூர்வீகம் இன்னும் ரசமானது. 1970ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் என்பவர், தகவல்களை அட்டவணை அட்டவணையாக வைத்துக்கொண்டால் போதும், மற்றதைக் கணக்கு பார்த்துக்கொள்ளும் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஐபிஎம் அதை ஆற அமர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. வெளியே மூன்று பேர் அந்தக் கட்டுரைகளைப் படித்து, 1977ல் கடை போட்டு, 1979ல் சரக்கை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். முதல் சரக்குக்கு 'வெர்ஷன் 2' என்று பெயர். வெர்ஷன் 1 என்று ஒன்று விற்பனைக்கு வரவே இல்லை. முதல் ஈட்டை எவன் வாங்குவான் என்று அந்த மூவரில் ஒருவரான லாரி எல்லிசனுக்குத் தெரிந்திருந்தது. ரங்கநாதன் தெருவில் பிறந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருப்பார்.

சரி, டேட்டாபேஸ் தயார். 1990களின் தொடக்கத்தில் வெப் வந்தது. பெற்றவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா பக்கத்தில் இயற்பியல்காரர்கள் தங்களுக்குள் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. படிக்கலாம், சொடுக்கலாம், இன்னொன்றைப் படிக்கலாம். அதில் ஒருவர் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டி, திருநெல்வேலிக்குக் கீழ் பெர்த் கேட்பார் என்பது திட்டத்திலேயே இல்லை. வெப் என்ற இந்த முன்வாசலையும் டேட்டாபேஸ் என்ற அந்தக் கிடங்கையும் இணைப்பதற்கு உலகம் பட்ட பாடுதான் மீதி வரலாறு.

1993ல் முதல் தீர்வு வந்தது. பெயர் சிஜிஐ. உலாவியிலிருந்து ஒரு கேள்வி வந்தால் சர்வர் ஒரு புது புரோகிராமைப் பெற்றெடுக்கும். அது எழுந்து, டேட்டாபேஸுக்குப் போய், கதவைத் தட்டி, பாஸ்வேர்டு சொல்லி, ஒரே ஒரு பதிலை வாங்கி வந்து கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்த கேள்விக்கு அடுத்த பிறவி. திருமங்கலத்திலிருந்து வாவின் போக ஒருவர் வந்து நின்றால், அவருக்காகப் புது ஆட்டோ வாங்கி, ஆர்டிஓவில் பதிவு செய்து, கொண்டுபோய் இறக்கிவிட்டு, வண்டியைக் காயலான் கடையில் போடுவதற்குச் சமம் இது. பத்துப் பேர் வரைக்கும் தாங்கும். ஆயிரம் பேர் வந்தால் திருமங்கலம் தாங்காது. பிறகுதான் யாருக்கோ ஷேர் ஆட்டோ புத்தி வந்தது: பத்து இணைப்புகளை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்வோம், வருகிறவர்கள் மாறி மாறி ஏறி இறங்கட்டும். இதற்கு 'கனெக்‌ஷன் பூல்' என்று பெயர். ஏறினவன் இறங்காமல் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அதுதான் ஆனது. இணைப்பை மூட மறந்த ஒரு வரியால், ராத்திரி இரண்டு மணிக்கு சர்வரை ரீஸ்டார்ட் செய்யப் போன எஸ்டேட் பிள்ளைகளைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இடையில் 1997ல் ஜாவா தன் பங்குக்கு ஜேடிபிசி என்பதைக் கொண்டுவந்தது. டேட்டாபேஸோடு பேச நான்கு வகை டிரைவர்கள். முதல் வகை, மைக்ரோசாஃப்டின் ஓடிபிசியோடு பேசுகிற பாலம். நான்காவது வகை, சுத்த ஜாவா. நடுவில் இரண்டை நடைமுறையில் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் 'நான்கு வகை டிரைவர்களை விளக்குக' என்ற கேள்வி வராத வாக்-இன் இன்டர்வியூ கிடையாது. கேட்டவரும் வாழ்க்கையில் நான்காம் வகையை மட்டுமே பயன்படுத்தியிருப்பார், பதில் சொன்னவரும் அதையேதான் பயன்படுத்தப்போகிறார். அந்த முதல் வகைப் பாலத்தை 2014ல் ஜாவா 8 வந்தபோது தூக்கியே எறிந்துவிட்டார்கள். கேள்வி மட்டும் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்தது.

1998ல் ஒரு விபரீதம் தெரியவந்தது. படிவத்தில் பெயருக்கான கட்டத்தில் எழுதுவதை அப்படியே டேட்டாபேஸுக்குக் கட்டளையாக ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? பெயருக்குப் பதில் கட்டளையையே எழுதினால் அது அதையும் பணிவாகச் செய்துவிடும். ஆங்கிலத்தில் பெயருக்கு நடுவே வரும் ஒற்றை மேற்கோள்குறி போதும். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் டி'குரூஸ்களுக்கும் டி'சௌசாக்களுக்கும் இது புதிதல்ல. அவர்கள் யாருக்கும் கெடுதல் நினைக்காமல் சொந்தப் பெயரை எழுதியபோதே பல தளங்கள் சுருண்டு விழுந்தன.

நம் ஆட்களுக்கு வேறு விதமான கண்டம். 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். டேட்டாபேஸை வடிவமைத்தவர், குடும்பப் பெயர் இல்லாத மனிதன் உலகத்தில் கிடையாது என்று முடிவுகட்டி, அந்தப் பத்தி காலியாக இருக்கக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டார். கு. முருகன் என்ன செய்வார்? இனிஷியலைப் போட்டால் 'ஓர் எழுத்து போதாது' என்கிறது. காலியாக விட்டால் முன்னே போக விடுவதில்லை. கடைசியில் அப்பா பெயரை எழுதுகிறார். அன்று முதல் அந்தக் கம்பெனி அனுப்பும் மெயிலெல்லாம் 'டியர் மிஸ்டர் குப்புசாமி' என்றுதான் வருகிறது. கம்ப்யூட்டரையே பார்த்திராத அவர் அப்பாவுக்கு லாயல்டி பாயின்ட் ஏறுகிறது.

பிறகு வந்தவை, பாதி வேலையை முன்கூட்டியே முடித்துத் தரும் ஃப்ரேம்வொர்க்குகள். 2000ல் ஸ்ட்ரட்ஸ், 2001ல் ஹைபர்னேட், 2004ல் டென்மார்க்காரர் ஒருவரின் ரெயில்ஸ், 2005ல் கான்ஸஸ் மாநிலத்து உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் அலுவலகத்திலிருந்து ஜாங்கோ. ஸ்ட்ரட்ஸ் தவிர மற்றவை 'இனி டேட்டாபேஸின் மொழியான எஸ்க்யூஎல் தெரிய வேண்டாம்' என்று சத்தியம் செய்தன. தெரியாமலே எழுதினார்கள். பழைய மாதிரி ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த். பெட்டியைக் காட்டு என்று ஒரு வரி எழுதினால், ஃப்ரேம்வொர்க் முதலில் பெர்த் பட்டியலை ஒருமுறை கேட்கும். பிறகு ஒவ்வொரு பெர்த்திலும் யார் என்று தனித்தனியாக 72 முறை போய்க் கேட்டுவிட்டு வரும். எழுதியவர் லேப்டாப்பில் மூன்றே பயணிகள் என்பதால் சோதனையில் பறக்கும். உற்சவத்தன்று படுத்துவிடும்.

ரயில் பேச்சு வந்துவிட்டது, அதைத் தொடர்வோம். முன்வாசலையும் கிடங்கையும் இணைத்த கதையில் இந்தியர்கள் எல்லாரும் கைப்பட அனுபவித்தது ரயில் டிக்கெட்தான்.

1980களின் நடுப்பகுதி வரை ரயிலின் டேட்டாபேஸ் என்பது தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு. அந்த ரயிலுக்கு, அந்தத் தேதிக்கு அதுதான் வேதம். ஒரு கிளார்க் அதைத் திறந்து வைத்திருந்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும். இதைத்தான் பின்னாளில் 'லாக்கிங்' என்று புத்தகம் போட்டு விற்றார்கள். வேறு ஊரிலிருந்து கிளம்பும் ரயிலுக்குத் திரும்பும் டிக்கெட் வேண்டுமென்றால் தந்தி போகும். பதில் எப்போது வரும் என்று கேட்டால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பார்வை மட்டும் வரும்.

1986ல் டெல்லியில் சிஎம்சி என்ற அரசு நிறுவனம் எழுதிய 'இம்ப்ரெஸ்' ஓட ஆரம்பித்தது. அடுத்து பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள், ஐந்தும் தனித்தனித் தீவுகள். ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு எழுதிய 'கான்செர்ட்' 1994ல் செகந்திராபாதில் ஏறியது. 1999 ஏப்ரலில் ஐந்தும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. ஃபோர்ட்ரானும் சி-யுமாக எழுதிய சரக்கு. ஃபேஷன் பார்த்தால் தாத்தா காலத்து மொழி. ஆனால் ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்கக்கூடாது என்பதில் மட்டும் தாத்தா கறார்.

2002 ஆகஸ்ட் 3 அன்று ஐஆர்சிடிசி தளம் திறந்தது. முன்னால் பளபளப்பான வெப், பின்னால் அதே கவுன்டர் கணினி. கிளார்க் தட்டியதை இப்போது இணையதளம் தட்டியது, அவ்வளவுதான். அப்போது வெப்பில் பதிவு செய்தாலும் டிக்கெட் காகிதத்தில் அச்சாகி, கூரியரில் வீட்டுக்கு வரும். உலகத்தின் அதிநவீன இணைப்பின் கடைசிக் கண்ணி, சைக்கிளில் வருகிற ஒரு பையன். முகப்பேரில் அவன் பட்ட பாட்டை யாரும் எழுதவில்லை. கிழக்கு என்று ஒன்று, மேற்கு என்று ஒன்று, இரண்டுக்கும் பின்கோடு 600037. அனுப்பியவர் 'மேற்கு' என்ற சொல்லை விட்டிருந்தால் நாள் முழுக்கத் தேடல்தான். டேட்டாபேஸ்காரர்கள் 'தனித்த அடையாள எண் இல்லாத அட்டவணை' என்று எதைச் சொல்வார்கள் என்று அந்தப் பையனுக்கு விளக்கத் தேவையே இருந்திருக்காது. 2005ல் இ-டிக்கெட் வந்து அவனைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு காலைக் கூட்டம். அவசர டிக்கெட்டான தட்கல் திறக்கும் நேரத்தில் நாடே ஒரே நொடியில் ஒரே பொத்தானை அழுத்தியது. முன்பு வரிசை என்றால் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்; பேப்பர் விரித்து உட்காரலாம், முன்னால் நிற்பவரோடு சண்டை போடலாம், செருப்பை வைத்து இடம் பிடிக்கலாம். இப்போது வரிசை கண்ணுக்குத் தெரியாது, சக்கரம் சுற்றும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த தளத்தை, 2014 ஏப்ரலில் 7,200 கொடுக்கிற மாதிரி புதிதாகக் கட்டினார்கள். வாசலை அகலப்படுத்தியதும் முதலில் உள்ளே வந்தவை ரோபோக்கள். மனிதன் பெயரை அடிப்பதற்குள் பத்து பெர்த்தை வாங்கிவிடும் மென்பொருள்கள் சந்தையில் விற்றன. 2017 டிசம்பரில் அப்படியொன்றை எழுதி விற்றதாக சிபிஐ ஒருவரைக் கைது செய்தது. அவர் யார் என்று பார்த்தால் சிபிஐயின் உதவி புரோகிராமர். அதற்கு முன் வேலை பார்த்த இடம் ஐஆர்சிடிசி. பின்வாசல் எங்கே என்று தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம்.

2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் போயின. இது ரயில்வேயே பெருமையாக அறிவித்த சாதனை. அதே அறிவிப்பில், தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் வரும் லாகின் முயற்சிகளில் பாதி வரை ரோபோக்கள் என்றும் சொன்னார்கள். ஜூலை 1 முதல் ஆதாரோடு இணைத்த கணக்குக்குத்தான் தளத்தில் தட்கல். அதாவது, நீங்கள் மனிதர்தானா என்று கேட்க இன்னொரு டேட்டாபேஸ், அதற்கு இன்னோர் இணைப்பு.

பூனையின் பாஸ்வேர்டில் தொடங்கிய பயணம் ஆதாருக்கு வந்திருக்கிறது. தொழில்நுட்பம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். என் தீர்ப்பு ஒன்றே ஒன்று: முன்வாசலுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தவர்களுக்குத்தான் விருது கிடைத்தது, பெர்த்தை இரட்டிப்பாக விற்காமல் காத்த ஃபோர்ட்ரானுக்கு யாரும் ஒரு சால்வைகூடப் போர்த்தவில்லை. எஸ்டேட்டில் இந்த மாதம் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் புது ஃப்ரேம்வொர்க்கின் பெயரை ரெஸ்யூமேயில் ஏற்றட்டும். கூடவே அது பின்னால் எத்தனை கேள்வி அனுப்புகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். லாஸ்ட் நேம் கட்டத்தில் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டால் முருகன்கள் வாழ்த்துவார்கள்.

தினமும் இரவு 11.45 முதல் 12.20 வரை ரயில் முன்பதிவுத் தளம் கடையைச் சாத்திவிடும். அந்த நேரத்தில் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் தூங்கப் போகலாம், ஊருக்கு டிக்கெட் எப்படியும் கிடைக்காது.