பழைய அட்டாக்கர்

காங்கேயத்தைச் சுற்றிக் கொப்பரைக் களங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் நடுவே எங்கேனும் ஒரு வாலிபால் மைதானம் அகப்படுமானால், மாலை வேளையில், நாற்பத்தைந்து பிராயத்தைக் கடந்து, முழங்கால்கள் இரண்டிலும் உறை மாட்டி, ஆட்டம் தொடங்குமுன்னரே வியர்த்து நிற்கும் ஒருவரை அங்கே தரிசிக்கலாம்; அவரே நம் பழைய அட்டாக்கர். 2020 மார்ச் 25-ல் தேசமே கதவடைத்தபோது வீடு சென்றவர், ஊரடங்கு தளர்ந்து, 2021 மே மாதத்தில் மறுபடி இறுகி, பின்னர் முற்றிலும் விலகிய பிறகும், "நாளைக்கு வந்தர்றேன் கண்ணு" என்ற சங்கல்பத்தை மாத்திரம் தவறாது செய்துகொண்டிருந்தார். ஊருக்கு உத்தரவு வருவது சிவன்மலை முருகன், பக்தர் கனவில் தோன்றிக் கேட்க, கோயிலின் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும் பொருளின் வாயிலாக. நம் அட்டாக்கருக்கோ, மைதானம் திரும்பும் உத்தரவு, சர்க்கரை அளவு பார்த்த ஆய்வுக்கூடத்துச் சீட்டின் வாயிலாக வந்தது.

மைதானப் பிரவேசத்தன்று அவர் கண்ட முதல் அக்கிரமம் வலை. எகிறினார், அதாவது, எகிறியதாக அவர் தேகத்தினுள் ஓர் அநுபவம் நிகழ்ந்தது, குதிகால் மண்ணை விட்டதற்குச் சாட்சி கிடையாது.

"யார்றா தம்பி நெட்டை ஏத்திக் கட்டுனது?"

"ஏத்தலீங்ணா, பழைய உசரந்தானுங்க."

டேப் வரவழைக்கப்பட்டது. 2.43 மீட்டர், ஆடவர்க்குச் சர்வதேச விதி எதுவோ அதுவே. அவர் டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எந்தக் கடைல வாங்குனீங்க?" என்றார்.

அடுத்த குற்றவாளி பனியன். அது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டதற்குப் பாமரர் வேறு காரணம் கற்பிக்கலாம். ஊரடங்கில் முகக்கவசம்கூடத் தைத்துத் தள்ளிய திருப்பூர்க் கம்பெனியொன்றில் நெடுங்காலமாகச் சூப்பர்வைசராக இருப்பவராகையால், காம்பாக்டிங் சரியாக ஓடாத 180 ஜி.எஸ்.எம். துணி துவைக்கத் துவைக்க நெடுக்கில் சுருங்குமென்பதை அவர் சாஸ்திரோக்தமாக ஸ்தாபித்துவிடுவார். பீரோவில் மடித்தே கிடந்த பனியன் எப்போது துவைக்கப்பட்டதென்று கேட்கும் துணிவு எவருக்கும் இல்லை.

மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடும். தசைநார்கள் நிதானஸ்தர்கள், பின்தங்கியே வருவார்கள். ஆகையால், 'பழையபடி ஆயிட்டோம்' என்று உள்ளம் களிக்கும் சுபதினமும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் தினமும் பெரும்பாலும் ஒன்றே. நல்லவேளையாக, கற்பூரம் போட்டுக் காய்ச்சத் தேங்காயெண்ணெய்க்கு இவ்வூரில் பஞ்சமில்லை.

எனினும் அவருடைய மெய்யான விரோதி, ஆறு பேரும் சுற்றி வரவேண்டுமென்ற விதிதான். பின்வரிசையில் நிற்குமளவும் இளைஞர்களுக்கு உபதேசமழை பொழிவார். சுற்று வந்து வலைமுன் நிற்க நேரும் தருணத்தில், கம்பெனியிலிருந்து அவசர அழைப்பு வந்துவிடும். "ஷிப்மென்ட் பிரச்சன கண்ணு, நீ செத்த நேரம் நில்லு" என்று கைப்பேசியைக் காதில் வைத்தபடி வேப்பமரத்தடிக்குச் சென்று, முன்வரிசைக் கண்டம் கழிந்தபின் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவ்வழைப்பு பிசகுவதில்லை. அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்து, அன்று வார விடுமுறையில் ஆட வந்திருக்கும் பையன், "நீங்க பேசிட்டு வாங்ணா, நான் பாத்துக்கறனுங்க" என்று பணிவோடு அவர் இடத்தில் போய் நின்றுகொள்வான்.