ஐஸ் பெட்டிக்குள் ஒரு கள்ளுக்கடை

எங்கள் தாமானில் ஓர் அண்ணன் இருக்கிறார். உங்கள் தாமானிலும் இருப்பார். பின்பக்கம் எட்டிப் பாருங்கள். வேலையிலிருந்து ஓய்வு, முழங்காலில் வலி, கையில் ஹைட்ரோமீட்டர்.

கடையில் விற்கும் பீரெல்லாம் அவருக்குப் பச்சைத்தண்ணி. அவர் காய்ச்சுவது இந்தியா பேல் ஏல். "பேர்லயே இந்தியா இருக்கு தம்பி, நம்ம சரக்கு" என்பார். அது இந்தியாவிலிருந்த துரைமார்களுக்காக இங்கிலாந்தில் காய்ச்சியது, மாதக்கணக்கான கடல் பயணத்தில் கெடாமலிருக்க ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள். "எங்க தாத்தாவும் கப்பல்லதான் வந்தாரு" என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்தத் தாத்தா 1941-இல், ஆர். எச். நாதன் தலைமையில் நடந்த கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில் நின்றவராம். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. தாத்தா மூடச் சொன்னதைப் பேரன் ஐஸ் பெட்டிக்குள் திறந்திருக்கிறார்.

ஐஸ் பெட்டி இல்லாமல் ஆகாது. ஏல் ஈஸ்ட்டுக்கு 18, 20 டிகிரி வேண்டும். கிள்ளான் சூட்டில் விட்டால் மிஞ்சுவது தலைவலிதான். ஆகவே மீன்குழம்பு வெளியே, 20 லிட்டர் வாளி உள்ளே. மூடியில் செருகிய ஏர்லாக் பொளக், பொளக் என்கிறது. நடுராத்திரி எழுந்து போய் அதை எண்ணுகிறார். "புள்ளைங்க அழுதப்ப ஒரு நாள் எழுந்ததில்ல" என்கிறார் அண்ணி.

அண்ணிக்கு இன்னொரு வழக்கும் உண்டு. பொங்கல் அண்டாவில் 66 டிகிரியில் மால்ட் ஊறுகிறது. இட்லித் துணியில் ஹாப்ஸ் மூட்டை. பாகற்காயைத் தட்டோரம் ஒதுக்குகிற மனுஷன், அமெரிக்காவிலிருந்து வெள்ளி வெள்ளியாகக் கொடுத்துக் கசப்பு வாங்குகிறார்.

"1976 கலால் சட்டம் லைசென்ஸ் கேக்குமேண்ணே?" என்றேன். "இது சயின்ஸ் தம்பி" என்று குரலைத் தாழ்த்தி, சன்னல் திரையை இழுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ருசி பார்க்கக் கூப்பிட்டார். ஏழு சதவீதம். முதலில் பம்பளிமாஸ் தோல் வாசம், அப்புறம் வேப்பங்கொழுந்து, அப்புறம் காது அடைத்துக்கொண்டது. "அருமைண்ணே" என்றேன், கண்ணைத் துடைத்தபடி.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா கையை நீட்டினார். ஒரே மடக்கு. முகத்தில் சுளிப்பே இல்லை.

"கசாயம் நல்லா எறங்கியிருக்குப்பா. ஆனா எதுக்கு ஐஸ்ல வெச்ச? வெதுவெதுன்னு குடுத்தாதான் பூச்சி வெளிய வரும்."