பல்லைப் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: பழைய மஹிந்திரா தார் வாங்கலாமென்று இருக்கிறேன். அலாய் வீல், டச் ஸ்கிரீன் எல்லாம் உள்ள எல்எக்ஸ் ரகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?
– வாசகர், குந்தாரப்பள்ளி

பதில்: தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. மாட்டுச்சந்தை ஊர்க்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்! டச் ஸ்கிரீனை விடுங்கள். கியருக்குப் பக்கத்தில், நாலு சக்கரமும் இழுக்க வைக்கும் இரண்டாவது குச்சி இருக்கிறதா? 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் வருகிறது, அதிலும் எல்எக்ஸ் வந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி, சேற்றில் இறங்கினால்தான் சாயம் வெளுக்கும்.

பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். டார்ச் அடித்தால் சேஸிஸ் மூலையில் காய்ந்த சேறு, துரு, டிஃபரன்ஷியலில் எண்ணெய்க் கசிவு, எல்லாம் பேசும். கர்நாடகப் பதிவெண் என்றால் தடையில்லாச் சான்றையும் தமிழ்நாட்டு வரியையும் விலையோடு கூட்டுங்கள். அலாய் காசில் நாலு நல்ல டயர் போடலாம்.