ஆளைக் கண்டால் ஆகாதவர்கள் சங்கம்

ஹெர்பர்ட் ஹாஸ்லர் பிரிட்டிஷ் மரைன் படையின் மேஜர். தலைமுடியின் நிறத்தால் ‘பிளாண்டி’ என்று பெயர். 1942 டிசம்பரில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு துடுப்புப் படகுகளில் போர்தோ துறைமுகத்துக்குள் நுழைந்து ஜெர்மன் கப்பல்களுக்கு வெடி வைத்தார். கிளம்பிய பத்துப் பேரில் உயிரோடு திரும்பியது இவரும் இன்னொருவரும்தான். நாமாக இருந்தால் அதற்கப்புறம் குளியலறை வாளியைக்கூட நம்ப மாட்டோம். இவரோ, ஆளுக்கொரு படகில் தன்னந்தனியாக, எதிர்காற்றில் அட்லான்டிக்கைக் கடக்கப் போட்டி வைத்தால் என்ன என்று யோசித்தார்.

அறிவிப்பு எழுதி லண்டனில் ஒரு பாய்மரப் படகுச் சங்கத்தின் பலகையில் தொங்கவிட்டார். பெரிய மனிதர்கள் படித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பலகையின் முன்னால் நின்றுவிட்டவர் பிரான்சிஸ் சிசெஸ்டர்.

அவர் லண்டனில் வரைபடம் விற்கும் வியாபாரி. 1929 கடைசியில் சின்ன விமானத்தில் தனியாகக் கிளம்பி ஆஸ்திரேலியா போனவர். 1958இல் நுரையீரலில் புற்றுநோய், அறுக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். அறுக்க விட மாட்டேன் என்றார் மனைவி ஷீலா. சைவச் சாப்பாடும் பிரார்த்தனையுமாக மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். (வந்தது புற்றுநோய்தானா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. வீட்டில் யாரும் இதைப் பார்த்து வைத்தியம் பண்ண வேண்டாம்.) இப்போது உடம்பு தேறிவிட்டது, அடுத்து என்ன? அட்லான்டிக்!

பணம் போட ஆளில்லை. போட்டியில் இறங்கிய ஐந்து பேரைச் சாகடித்த பெயர் எந்தப் புரவலருக்கு வேண்டும்? போங்கடா என்று ஹாஸ்லரும் சிசெஸ்டரும் தங்களுக்குள்ளேயே பந்தயம் கட்டினார்கள். பந்தயத் தொகை அரை கிரவுன். அதாவது இரண்டரை ஷில்லிங். அதற்குப் பிறகுதான் ‘அப்சர்வர்’ பத்திரிகைக்கு ரோஷம் வந்து ஆதரவு தந்தது.

மற்ற மூவரும் இதே ரகம். டேவிட் லூயிஸ் டாக்டர். வேல்ஸ்காரர் வால் ஹவல்ஸ் தாடி வைத்த விவசாயி. பிரெஞ்சுக்காரர் ழான் லகோம்ப், பந்தயம் தொடங்கிச் சில நாள் கழித்துச் சாவகாசமாகக் கிளம்பிய புண்ணியவான்.

தனி ஆள் தூங்கும்போது சுக்கானை யார் பிடிப்பது? காற்றின் திசையைப் பார்த்துத் தானே படகைத் திருப்பும் கருவியை ஹாஸ்லர் செய்தார். சிசெஸ்டர் கென்சிங்டன் பூங்காக் குளத்தில் பொம்மைப் படகுகளை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து சொந்தமாக ஒன்று செய்து, ‘மிராண்டா’ என்று பெயரும் வைத்தார். ஹாஸ்லரின் ‘ஜெஸ்டர்’ 25 அடிப் படகு, சீனப் பாணிப் பாய். ஆமைபோல் தலையை மட்டும் வெளியே நீட்டி எல்லாவற்றையும் இயக்கலாம். நனைவது அவருக்குப் பிடிக்காது. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் அட்லான்டிக்.

1960 ஜூன் 11, பிளிமத். புறப்பட்ட சில மணி நேரத்தில் லூயிஸின் பாய்மரம் முறிந்தது. திரும்பி வந்து சரிசெய்து மறுபடி கிளம்பினார். ஹவல்ஸ் நடுவில் பெர்முடாவில் ஒதுங்கினார். சிசெஸ்டர் 40 நாளில் நியூயார்க் சேர்ந்தார், ஹாஸ்லர் 48. லகோம்ப் 74 நாளில் வந்து சேர்ந்தார். அவருக்கென்ன அவசரம்!

ஜெயித்தவருக்குத் திருப்தியில்லை. 40 நாள் ஒரு நாளா? 30க்குள் முடிக்க வேண்டும் என்று 1962இல் போட்டியே இல்லாமல் தனியாக மறுபடி போனார். 33 நாள் ஆயிற்று.

1964இல் இரண்டாவது பந்தயம். தனிமைதான் வேண்டும் என்று கிளம்பிய ஐந்து பேரில் ஒருவர் பாக்கியில்லாமல் பிளிமத்தில் மறுபடி ஆஜர். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இந்த ஐவர் கூட்டம் மட்டும் எப்படியோ பிடித்துப்போயிற்று. லூயிஸ் இரட்டை உடல் படகோடு வந்தார். பந்தயம் முடிந்ததும் மனைவியையும் இரண்டு மகள்களையும் ஏற்றிக்கொண்டு உலகத்தையே சுற்றப் போய்விட்டார். ஐவரும் தத்தம் பழைய நேரத்தைக் குறைத்தார்கள். சிசெஸ்டர் 29 நாள், 23 மணி, 57 நிமிடம். முப்பதுக்கு மூன்று நிமிடம் மிச்சம் பிடித்துக் கரையேறினால், எரிக் தபார்லி என்ற பிரெஞ்சுக் கடற்படை இளைஞர் 27 நாளிலேயே வந்து இறங்கியிருந்தார்.