துண்டு போட்ட ஆல்புமின்

கேள்வி: உடலுக்குள் பொருத்தும் செயற்கை ரத்தக் குழாயை முதலில் வரவேற்பது யார்?

பதில்: செல்களுக்கு முன்பே புரதங்கள் ஆஜர்! ரத்தம் பட்ட சில நொடிகளிலேயே குழாயின் உட்பரப்பில் புரதப் படலம் படிந்துவிடும். உருவில் சிறியதும் எண்ணிக்கையில் அதிகமுமான ஆல்புமின் ஓடிவந்து, பஸ்ஸில் துண்டு போடுவதுபோல் இடம்பிடிக்கும். நிதானமாக வரும் ஃபைப்ரினோஜன் அதைக் கிளப்பிவிட்டு உட்காரும். கொஞ்ச நேரத்தில் அதையும் எழுப்ப வேறொரு புரதம் வரும். ஃபைப்ரினோஜன் அழுத்தமாக ஒட்டிக்கொண்டால் தட்டணுக்கள் கூடி, ரத்தம் உறையும் அபாயம் உண்டு. இந்த இடச் சண்டைக்கு 'வ்ரோமன் விளைவு' என்று பெயர். 1960-களில் இதை ஆராய்ந்த லியோ வ்ரோமன், டச்சு மொழியின் புகழ்பெற்ற கவிஞரும்கூட! முதலில் வந்தவருக்கே முன்னுரிமை என்ற விதி, ரத்தத்தில் மட்டும் செல்லாது.