கிராங்க் புல்லி மாட்டியல்: ஒரு வரிக்கு ஓர் உரை

கார் பழுதுபார்க்கும் கையேடுகளில் ஒரு நூற்பா தவறாமல் வரும். ஒரு பாகத்தைக் கழற்றுவதைப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, படிப்படியாக விளக்கியிருப்பார்கள். மாட்டுவது என்று வந்ததும் ஆசிரியர் ஒரே வரியில் கையைக் கழுவிவிடுவார்: கழற்றியதற்கு எதிர்வரிசையில் மாட்டவும். இங்கிலாந்தில் ஜான் ஹெயின்ஸ் தொடங்கிய கையேடுகள் இந்த வரியை வேதவாக்காகவே ஆக்கிவிட்டன. நன்னூலார் அடுக்கும் நூற்குற்றம் பத்தில் முதலாவது குன்றக் கூறல். அதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு நம் மொழியில் அகப்படவில்லை. இறக்குமதிதான் செய்ய வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரை அந்த ஒரு வரிக்கு உரை. களம்: வீட்டு வாசல், அல்லது அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம். காலம்: ஞாயிறு. பொருள்: கிராங்க் புல்லி. முன்னோர் உரை எதுவும் இல்லாததால் அவர்களை மறுக்கும் சிரமம் நமக்கு மிச்சம்.

முதலில் புல்லியின் இலக்கணம். கிராங்க் ஷாஃப்டின் முன்நுனியில் போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் வட்டு அது. அதன்மேல் ஓடும் பெல்ட்தான் டைனமோவையும் ஏசி கம்ப்ரஸரையும், பல கார்களில் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. 'சக்கரம்தானே' என்று அலட்சியம் செய்பவர் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நடுக்குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ஒரு ரப்பர் வளையம் தெரியும். நாலு சிலிண்டர் என்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் ஷாஃப்டை, ஈரத்துணியைப் பிழிவதுபோல, ஓரிழை முறுக்கிவிட்டு விடுகிறது. சில வேகங்களில் இந்த முறுக்கதிர்வு கூடிக்கொண்டே போய் ஷாஃப்டையே முறித்துவிடக்கூடும். 1910ஐ ஒட்டி ஃபிரெடரிக் லான்செஸ்டர் இதற்கொரு தணிப்பான் கண்டு காப்புரிமை பெற்றார். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இந்த ரப்பர். அது வெடித்திருந்தால் வெளிவளையம் இடம் நகர்ந்திருக்கும். வளையத்தில் வெட்டியுள்ள டைமிங் குறி பொய்ச்சாட்சி சொல்லும். அப்படிப்பட்ட புல்லியை மாட்டும் முறை இவ்வுரையில் இல்லை. காயலான் கடைக்கு வழி எல்லாருக்கும் தெரியும்.

இனி நூற்பா. எதிர்வரிசை என்பது வரிசைக்குப் பொருந்தலாம், வலுவுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கணக்கில் துருவேறிக் கிடந்த போல்ட்டைக் கழற்ற இம்பாக்ட் கன், நீளக் குழாய், மண்ணெண்ணெய், வசவு எல்லாம் செல்லும். இன்னும் துணிந்தவர்கள் டாமி பாரைத் தரையில் முட்டுக்கொடுத்து, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டரைக் கொண்டே போல்ட்டை இளக்குவார்கள். பார் தெறித்தால் என்ன ஆகும் என்பது உரைக்கு அப்பாற்பட்டது. மருத்துவ நூல்களில் காண்க.

தடை: பெரும்பாலான என்ஜின்கள் முன்னிருந்து பார்த்தால் வலஞ்சுழி. அதனால்தான் ஸ்டார்ட்டர் போல்ட்டை இளக்குகிறது. ஆனால் ஹோண்டாவின் பழைய பி, டி வரிசை என்ஜின்கள் இடஞ்சுழி. போல்ட்டின் மரையோ ஊரெல்லாம் உள்ள வலது மரைதான். அப்படியானால் அங்கே ஸ்டார்ட்டரே போல்ட்டை இறுக்கித் தந்துவிடுமே, மனிதன் ஏன் பாடுபட வேண்டும்?

விடை: தருக்கம் பழுதற்றது. எவ்வளவு இறுக்கினோம் என்பது ஸ்டார்ட்டருக்கே தெரியாது என்பது ஒன்றே குறை. பி வரிசைக்கு விதித்த அளவு 177 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 18 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம் அது. சக்கர நட்டுக்குப் போடுவதைவிட மிக அதிகம். எனவே டார்க் ரெஞ்ச் வேண்டும். இல்லாதவர் இரவல் வாங்கலாம். 'நமக்குக் கைக்கணக்கு உண்டு' என்பவர் மியாட்டா பற்றிக் கீழே வருவதை இருமுறை படிக்கவும்.

புல்லியை நுனியில் ஏற்றுவதில் மூன்று மதங்கள். அடி மதத்தார் கட்டையை வைத்துச் சுத்தியலால் அடிப்பர். அந்த அடி ரப்பரைத் தாண்டி, உள்ளே ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் திரஸ்ட் பேரிங் வரை போகும். இழு மதத்தார் போல்ட்டை இரண்டு மூன்று மரை மட்டும் கடிக்கவிட்டு, அதை இறுக்கியே புல்லியை உள்ளே இழுப்பர். மரை உரிந்து வெளியே வந்தால் அது போல்ட்டின் மரையா கிராங்கின் மரையா என்பதைப் பொறுத்துச் செலவு அமையும். மூன்றாமவர் நீண்ட மரைத்தண்டை ஷாஃப்டுக்குள் ஆழமாக ஏற்றி, வெளியே பேரிங்கும் நட்டும் போட்டு, நட்டைத் திருகிப் புல்லியைத் தள்ளுவர். முன்னிரண்டும் பரபக்கம், இதுவே சுபக்கம். சண்டை இவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஜப்பான் கார்கள் பலவற்றில் புல்லி கையாலேயே நுழைந்துவிடுகிறது. இறுக்கப் பொருத்தம் அமெரிக்க வி8 வைத்திருப்பவர்களின் தலைவலி. அவற்றிலும் பழைய செவர்லே என்ஜின்கள் சிலவற்றில் நுனியில் போல்ட் துளையே கிடையாது. அங்கே இழு மதம் பிறக்கவே வழியில்லை. எந்த மதமாயினும், ஏற்றுமுன் ஆயில் சீலின் உதட்டில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவுக.

புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே பள்ளத்தில் உட்காரும் சிறு கீதான் புல்லியைச் சுழற்றுகிறது என்று கற்றோரும் மயங்குவர். கீ இடம் காட்டும், அவ்வளவே. பாரம் சுமப்பது போல்ட்டின் இறுக்கம். மாஸ்டா மியாட்டாவின் 1990, 1991ஆம் ஆண்டு 1.6 லிட்டர் என்ஜின்களில் ஷாஃப்டின் நுனி குட்டை. போல்ட் சரியாக இறுகாதபோது அது பிடிக்க வேண்டிய பாகங்கள் ஆட, கீயின் பள்ளம் தேய்ந்து அகன்று, கிராங்க் ஷாஃப்டையே மாற்ற வேண்டி வந்தது. மாஸ்டா பிறகு நுனியை நீட்டிப் பெரிய போல்ட் வைத்தது. கைக்கணக்குக்காரர்களுக்கு இனி நம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை.

உரையின் கடினப் பகுதி இனிமேல்தான். போல்ட்டை இறுக்கினால் போல்ட்டோடு புல்லி சுற்றும், புல்லியோடு கிராங்க், கிராங்கோடு பிஸ்டன்கள். இறுக்குபவர் வியர்க்கிறார்; என்ஜின் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நூற்பா ஆசிரியர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஹோண்டா புல்லிகளின் நடுவில் 50 மில்லிமீட்டர் அறுகோணப் பள்ளம் உண்டு, அதில் செருகும் பிடியும் விலைக்குக் கிடைக்கிறது. ஃப்ளைவீல் பல்லில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகுவாரும் உளர். பல் போனபின் வருந்துவாரும் அவரே. கையில் காசோ பிடியோ இல்லாத மற்றவர்க்கு உள்ள வழி, டாப் கியரைப் போட்டு பிரேக்கை அழுத்துவது. கியர் மாற்றும் காருக்கே இது, ஆட்டோமேட்டிக்குக்குச் செல்லாது.

முதல் கியர் அல்லவா பலமானது என்பர். பலமானது என்பதுதான் கெடுதல். நாம் போல்ட்டில் கொடுக்கும் முறுக்கை முதல் கியர் பல மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்பும். அத்தனையையும் பிரேக் தாங்க வேண்டும். டாப் கியரில் பெருக்கம் குறைவு. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டால் போதாதா என்பர். இன்றைய சிறு கார்களில் என்ஜின் ஓட்டுவது முன்சக்கரத்தை, ஹேண்ட்பிரேக் பிடிப்பது பெரும்பாலும் பின்சக்கரத்தை. ஆகவே கால்பிரேக்தான். அதுவோ காருக்குள் இருக்கிறது. போல்ட் இருப்பது, கழற்றிய முன்சக்கரத்தின் இடைவெளியில், தரையோடு தரையாக. கிராங்க் புல்லி மாட்டுவது தனியாள் தொழில் அன்று, இல்லறத் தொழில் என்பதே இவ்வாய்வின் முடிபு.

இந்நிலையில் நிகழும் உரையாடல் வீட்டுக்கு வீடு அதிகம் மாறுவதில்லை.

"அழுத்திட்டியா?"

"அழுத்திக்கிட்டுதாங்க இருக்கேன்."

"நல்லா அழுத்தும்மா, சுத்துதே!"

"இதுக்கு மேல அழுத்தணும்னா நீங்களே வந்து உட்காருங்க."

இருவர் கூற்றும் மெய்யே. என்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. சில மிதிகளிலேயே இருப்பு தீர்ந்து பெடல் இறுகிவிடும். உள்ளே இருப்பவர் முழுப் பலத்தோடு அழுத்துகிறார், பிரேக்குக்கு வழக்கமான உதவி இல்லை. கையேட்டில் இந்த ஒரு குறிப்பு இருந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு சூடாகக் கிடைத்திருக்கும். அப்போது எதிர்வீட்டிலிருந்து பணி ஓய்வு பெற்ற ஒருவர் வந்து நிற்பார். சாங்கியர் சொல்லும் புருடன் இவரே: பார்ப்பார், செய்யமாட்டார். 'மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே சார்' என்பது அவர் அருளும் ஒரே உபதேசம். பதில் சொல்ல வேண்டாம்.

டார்க் ரெஞ்ச் 'டக்' என்றதும் நிறுத்துக. இரண்டாவது டக்குக்கு ஆசைப்படுவது இறுக்கத்தைக் கூட்டும், அறிவைக் கூட்டாது. சில என்ஜின்களில் அதன்பின் இத்தனை பாகை திருப்பு என்று விதி இருக்கும்; அவற்றுக்குப் புது போல்ட் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் என்ஜினுக்குரிய எண்ணை அதன் கையேட்டில் பாருங்கள். மேலே சொன்ன 177 வேறொருவருடையது. பெல்ட்டை மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, ஸ்டாண்டிலிருந்து காரை இறக்குங்கள். சாவியைத் திருப்புமுன் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், உள்ளே இன்னும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பவரிடம் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.