மெகாபிக்சலை மட்டும் எண்ணாதீர்கள்

கேள்வி: முதன்முதலாக டிஜிட்டல் கேமரா வாங்கப் போகிறேன். கடையில் மெகாபிக்சலையே பெரிதாகச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– கல்லூரி மாணவி, கொல்லங்கோடு

பதில்: 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவுக்கு 0.01 மெகாபிக்சல்தான். ஒரு படம் பதிவாக 23 விநாடி! இன்று 24 மெகாபிக்சலே சுவரில் மாட்டும் படத்துக்குத் தாராளம். ஆகவே ஒளியைப் படமாக்கும் சென்சாரின் அளவைக் கேளுங்கள். ஏபிஎஸ்-சி எனப்படும் அளவுள்ள சென்சாரின் பரப்பு, சிறிய பாக்கெட் கேமராவின் சென்சாரைப்போல ஏறக்குறைய 13 மடங்கு. பரப்பு கூடினால் வெளிச்சம் கூடும். மங்கிய பொழுதிலும் படம் தெளியும். வாங்கும் முன் பிடித்துப் பாருங்கள்: கைக்கு அடங்காத கேமரா அலமாரிக்குத்தான் அடங்கும்.

பழகுவதற்கு உங்கள் ஊரிலேயே வாத்தியார் இருக்கிறார்: சீதார்குண்டு அருவி. மழைக்காலத்து அதிகாலையில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனைத் தானியங்கியில் விட்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். அரை விநாடி வைத்தால் தண்ணீர் பட்டுத்துணியாக இழையும். 1/1000 விநாடி வைத்தால் துளித்துளியாக அந்தரத்தில் நிற்கும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஷட்டர் பாடம் முடிந்தது. பாறை வழுக்கும், தள்ளி நின்றே எடுங்கள். கேமராவுக்கு ஜூம் உண்டு, காலுக்கு இல்லை.